உச்சித் துளை

கூனங்குப்பம், பழவேற்காடு
19.2.2024

அன்புள்ள தம்பி தாமோதரனுக்கு,

அக்கா மனோரமா சொல்ல, மருமகள் வைஷ்ணவி எழுதுகிறாள். இங்கே இரண்டு பேரும் இருக்கிறோம், உடம்புக்கு ஒன்றும் இல்லை. பிலோமினாவின் முட்டிவலி தேவலையா? உன் காதுக்குப் போன் ஆகாது. இங்கேயும் போன் மணி அடித்தால் இரண்டு பேரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறோம். அணைத்துப் பெட்டியில் போட்டுவிட்டோம். பழையபடி கடிதமே போதும்.

ஒரு விஷயத்துக்காக எழுதுகிறேன். போன வாரம் முகத்துவாரத்துக்கு வெளியே வரதன் வலையில் ஒரு இரும்புத் தொப்பி ஏறியது. பட்டாளத்துக்காரன் தொப்பி. உள்ளும் புறமும் சிப்பி மூடிக் கிடக்கிறது. மோகன்குமார் ஐப்பசியில் தனியாகப் படகெடுத்துப் போனபோது தண்ணீர் இறைக்க அப்படி ஒன்றைத்தான் வைத்திருந்தான். வரதன் வலையைக்கூட உதறாமல் அதை நேராக நம் வாசலில் கொண்டுவந்து வைத்து, மோகனுடையதா பார் பெரியம்மா என்றான். இந்த மாதிரித் தொப்பி இந்தக் குப்பத்தில் எத்தனையோ படகில் கிடக்கிறது, எதை வைத்து என் பிள்ளையுடையது என்கிறாய் என்று கேட்டு அனுப்பிவிட்டேன்.

நீ கொச்சிக்குப் போய் எத்தனையோ வருடம் ஆகிறது, நம் வழக்கம் மறந்திருக்கலாம். கடலுக்குப் போய்த் திரும்பாதவனின் பொருள் ஒன்று கரை சேர்ந்துவிட்டால் அதை வைத்துக் காரியம் செய்தாக வேண்டும். பெண்ணின் தாலியையும் கழற்ற வேண்டும். ஒன்றும் வராதவரைக்கும் அவன் கடலில் இருக்கிறான் என்றுதான் கணக்கு. ஊர்ப் பெரியவர் லோகநாதன் பஞ்சாயத்தாரோடு வந்து கேட்டார். உன்னைப் பற்றி அவருக்குத் தெரியும். பழைய தொப்பிக்கெல்லாம் வருஷம் சொல்கிறவன் தாமோதரன், அவன் சொல்லட்டும், அதுவரை பேச்சில்லை என்று போய்விட்டார்.

எப்படிப் பார்க்க வேண்டும் என்று எழுது. பதமாகச் சொல், அவசரம் ஒன்றுமில்லை.

வெற்றிலைச் சுண்ணாம்பு தீர்ந்துபோயிற்று, வைஷ்ணவியைக் கடைக்கு அனுப்ப வேண்டும். அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

உன் அக்கா
மனோரமா


மட்டாஞ்சேரி, கொச்சி
28.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தாமோதரன். காது அப்படியேதான் இருக்கிறது. முதலாளி திட்டுவது கேட்பதில்லை என்பதால் எனக்குக் குறையில்லை. பிலோமினா எண்ணெய் தேய்த்துக்கொண்டு நடக்கிறாள். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? வைஷ்ணவி சாப்பிடுகிறாளா? அதை ஏன் எழுதவில்லை?

தொப்பி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பழம்பொருள் கடையில் வாரத்துக்கு ஒருவராவது ஒரு தொப்பியோடு வந்து, இது முதல் யுத்தத்தில் தாத்தா போட்டது என்பார். திருப்பிப் பார்த்தால் இரண்டாம் யுத்தத்து முத்திரை இருக்கும். தாத்தாவை விட்டுவிட்டு விளிம்பைப் பார்ப்பதுதான் எங்கள் தொழில். தொப்பியைக் கவிழ்க்காமல் மல்லாத்திப் பிடி. உள்பக்கம், விளிம்பை ஒட்டி, உளியால் அடித்த எழுத்துகள் இருக்கும். இரண்டு மூன்று ஆங்கில எழுத்து, அது செய்தவன் பெயர். பக்கத்தில் எண், அது வருடம். சில சமயம் ஒரு அம்புக்குறி இருக்கும், அது சர்க்கார் பார்த்து ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். விளிம்பைச் சுற்றித் தனியாக ஒரு தகட்டு வளையம் மடித்திருக்கிறதா, நாடா கோக்கும் காதுகள் எப்படி ஆணி அடித்திருக்கின்றன என்பதையும் பார்ப்போம்.

சிப்பியைக் கத்தியால் சுரண்டாதே, எழுத்தும் சேர்ந்து போய்விடும். பக்கெட்டில் வினிகர் ஊற்றி முழுத் தொப்பியையும் ஊறப்போடு. சுண்ணாம்பாக இருப்பதெல்லாம் கரையும். பிறகு மூங்கில் குச்சியால் தள்ளினால் போதும்.

இன்னொன்று. நடு உச்சியில் ஒரு துளை இருக்கும். தலையில் உறுத்தாமல் இருக்க உள்ளே வைக்கும் தோல் மெத்தையை ஒரே ஒரு திருகாணியால் அந்த இடத்தில்தான் பிடித்திருப்பார்கள். அந்தத் துளை எப்படி இருக்கிறது என்று எழுது.

மோகன் கல்யாணத்துக்கு நான் வந்தபோது அவன் தொப்பியைப் பார்த்தேன். அதன் வருடம் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் இப்போது சொல்ல மாட்டேன். வாங்குகிறவன் முதலில் வருடத்தைச் சொல்லக் கூடாது, சொன்னால் விற்கிறவன் கண்ணுக்கு அதுவே தெரியும். நீ பார்த்ததை முதலில் சொல். முடிந்தால் வைஷ்ணவியின் போனில் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்
தாமோதரன்


கூனங்குப்பம்
17.3.2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை வைஷ்ணவி இரண்டு முறை படித்துக் காட்டினாள். நாங்கள் சாப்பிடுகிறோம். நேற்று ஏரி இறால், இன்று ரசம். பிலோமினாவை ஈரத்தரையில் நடக்க வேண்டாம் என்று சொல்.

வினிகர் வாங்கினோம். தாம்பாளத்தில் கொஞ்சம் ஊற்றி, விளிம்பு மட்டும் நனைகிற மாதிரித் தொப்பியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். சிப்பி மெதுவாகத்தான் விடுகிறது. நானேதான் குச்சியால் தள்ளுகிறேன், இவளைத் தொட விடவில்லை. சிப்பி கையைக் கிழிக்கும். படம் எடுக்க முடியாது, பெட்டியில் போட்ட போனை எடுக்க மனசில்லை.

சுண்ணாம்புக்குளத்திலிருந்து இவளுடைய நைனா வந்தார். வாசலில் நின்றே பேசினார். வீட்டுக்கு வா, வந்து பொட்டோடு இருந்தாலும் சரி, இல்லாமல் இருந்தாலும் சரி என்றார். கூடப் படித்த எலிசபெத் மீஞ்சூரில் ஒரு அலுவலகத்தில் இவளுக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறாளாம், சித்திரையில் சேரச் சொல்கிறார்களாம். இவள் உள்ளே போனாள். அப்பாவுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுப் போனார்.

இதையும் எழுது என்று நான்தான் சொன்னேன். எழுதிவிட்டாள்.

பங்குனிக் காற்று ஆரம்பித்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
மனோரமா


மட்டாஞ்சேரி
27.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. நாங்கள் இருவரும் நலம். உனக்குக் கையில் சிப்பி கீறினால் மஞ்சள் வைத்துக் கட்டு, அப்படியே விடாதே.

விளிம்பை மட்டும் நனைத்தாயாமே? முழுவதையும் அல்லவா ஊறப்போடச் சொன்னேன். உச்சியையும் ஊறப்போடு. ஏன் விடாமல் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

யுத்த காலத்தில் நம் கரையோரம் காவலுக்கு வந்த பட்டாளம் கிளம்பும்போது ஒரு மூட்டைத் தொப்பியை மணலில் விட்டுப்போனதாக நம் நைனா சொல்வார், உனக்கும் நினைவிருக்கும். அவர் சொன்னது நிஜம் என்றால் அவ்வளவும் ஒரே பட்டறையில் ஒரே வருடம் அடித்ததாகவே இருக்கும். குப்பத்துப் படகுகளில் கிடப்பதெல்லாம் அவற்றில் உள்ளவைதான். ஆகவே வருடம் பொருந்தினாலும் அது மோகனுடையது என்று ஆகிவிடாது. பொருந்தாவிட்டால் அவனுடையது இல்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம். முத்திரையால் முடிந்தது அவ்வளவுதான். செய்தவன் யார் என்று சொல்லும், வைத்திருந்தவன் யார் என்று சொல்லாது.

உச்சித் துளை அப்படி இல்லை. உள்மெத்தை மக்கிப்போன பிறகு துளை திறந்துகொள்ளும். ஓட்டையை வைத்துக்கொண்டு படகில் தண்ணீர் இறைக்க முடியாது. அதனால் ஒவ்வொருவனும் கைக்கு அகப்பட்டதை வைத்து அடைப்பான். ஒருவன் தார் ஊற்றுவான், ஒருவன் மரமுளை அடிப்பான். ஒருவன் அடைத்த மாதிரி இன்னொருவன் அடைக்க மாட்டான். மோகன் எதை வைத்து அடைத்திருந்தான் என்று எனக்குத் தெரியாது, நான் பார்த்தபோது துளை திறந்துதான் இருந்தது. உனக்குத் தெரிந்திருக்கும்.

பார்த்து எழுது. விளிம்பில் எழுத்து தெரிந்தால் அதன் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய். எழுத்து காகிதத்தில் ஏறிவிடும்.

வைஷ்ணவிக்கு என் ஆசீர்வாதம். அந்த வேலையைப் பற்றி அவளே இரண்டு வரி எழுதலாம்.

தம்பி
தாமோதரன்


கூனங்குப்பம்
22.4.2024

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

எழுத்து தெரிந்தது. நீ சொன்னபடி தேய்த்து எடுத்த காகிதத்தை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். பென்சில் இவளுடையது, தேய்த்தது நான்.

மீஞ்சூர் வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்களாம். எலிசபெத் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

லோகநாதன் உன் பதில் வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் அவருக்கு முகம் கொடுப்பதில்லை.

அக்கா
மனோரமா


மட்டாஞ்சேரி
3.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பிலோமினாவுக்குக் காய்ச்சல், பிறகு கடையில் சரக்குக் கணக்கெடுப்பு, பிறகு மழை. இப்போது எல்லாரும் தேறிவிட்டோம்.

நீ அனுப்பிய காகிதத்தைக் கண்ணாடி போட்டும் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். எழுத்து அழகாக விழுந்திருக்கிறது, எங்கள் கடைப் பையன்களுக்குக்கூட இப்படி வராது. செய்தவன் பெயர் மூன்று எழுத்து, பக்கத்தில் அம்பு, அதன் கீழே 1942.

மோகனுடைய தொப்பி 1941. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாற்பத்தொன்றுதான். விளிம்பில் என் விரலை வைத்துப் பார்த்தேன். எனக்குச் சந்தேகமே இல்லை. செய்த பட்டறையும் வேறு. ஆகவே வரதன் வலையில் வந்தது மோகனுடையது அல்ல. நைனா சொன்ன ஒரே மூட்டைக் கதை நைனாவின் கதையாகத்தான் இருக்க வேண்டும்.

இதைப் பஞ்சாயத்தில் படித்துக் காட்டலாம். என் கையெழுத்தும் கடை முத்திரையும் கீழே போட்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வைஷ்ணவியையும் பார்த்துக்கொள்.

தம்பி
தாமோதரன்


கூனங்குப்பம்
20.6.2024

அன்புள்ள தம்பிக்கு,

பிலோமினா தேறியது கேட்டுச் சந்தோஷம். சுக்குக் கஷாயம் கொடு.

உன் கடிதத்தைக் கோயில் முன்னால் எல்லாரும் இருக்கும்போது வைஷ்ணவியே படித்தாள். நல்ல சத்தமாகத்தான் படித்தாள். லோகநாதன் கடை முத்திரையைப் பார்த்துத் தலையாட்டினார். வரதன் மட்டும் எழுந்து போனான். காரியம் இல்லை என்று முடிவாயிற்று.

இனி எழுத என்ன இருக்கிறது? காலையில் தண்ணீர் பிடிக்கிறோம். மத்தியானம் மீன்கூடை. சாயங்காலம் மோகனுக்கு ஒரு தட்டில் சோறு எடுத்து மூடி வைக்கிறேன். காலையில் அது காக்கைக்குப் போகிறது. மறுநாள் நான் வைக்க மறந்தால் இவள் வைத்துவிடுகிறாள்.

இவளுடைய நைனா மறுபடி வந்தார். பஞ்சாயத்தே தாலி இருக்கட்டும் என்ற பிறகு எப்படிக் கூட்டிப்போவேன் என்று அவரே சொல்லிவிட்டு அவரே திரும்பிப் போனார்.

தொப்பி கதவுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கிறது. வரதன் திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறான்.

அக்கா
மனோரமா


மட்டாஞ்சேரி
8.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் பிலோமினாவும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து சாப்பிட உட்கார்ந்தால் நீ மூடி வைக்கும் அந்தத் தட்டுதான் நினைவுக்கு வருகிறது. உனக்கு உதவி செய்ததாக நினைத்தேன். அந்தப் பெண்ணின் அப்பா வாசலோடு திரும்பிப் போனதை நீ எழுதிய பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. அவளுக்கு வயது இருபத்தாறு. இதை அவளே உனக்குப் படித்துக் காட்டுவாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன், அவளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தொழிலில் கண் தவறுவது உண்டு. ஒன்றை இரண்டாகவும் இரண்டை ஒன்றாகவும் படித்துவிட்டு, பிறகு திருத்திச் சொன்னதும் உண்டு. திருத்துவதில் எனக்கு வெட்கம் இல்லை. பஞ்சாயத்தில் வந்து நின்று நானே சொல்வேன். ஆனால் நீ சொல்லாமல் நான் எதையும் சொல்ல மாட்டேன், அவன் உன் பிள்ளை.

அக்கா, உச்சித் துளையைப் பற்றி நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

தம்பி
தாமோதரன்


கூனங்குப்பம்
9.8.2024

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா சொல்ல, வைஷ்ணவி எழுதுகிறாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தை இவள் படித்துக் காட்டினாள். படித்து மடித்து வைத்தாள். அதன்பின் இவள் பேனா எடுக்கவில்லை. ஆடி அமாவாசை வந்தது. குப்பத்தில் எல்லாரும் போனவர்களுக்குப் படைக்கக் கரைக்குப் போனார்கள். நாங்கள் போகவில்லை. எங்கள் கணக்கில்தான் மோகன் இன்னும் போகவில்லையே.

விளக்குக்குத் திரி தேடினேன். சாமி மாடத்தில் படத்துக்குப் பின்னால் துணியில் சுற்றி ஏதோ இருந்தது. பிரித்தேன். இவளுடைய பழைய நீல ரப்பர் செருப்பு, ஒற்றை. குதிகால் பக்கம் வட்டமாக அறுத்து எடுத்திருந்தது. அது படகு சாமான்களோடு கொல்லையில் எங்கோ கிடந்தது. யாரோ எடுத்து, கழுவி, சாமிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் இவள் நிற்கிறாள்.

"எப்போலேர்ந்துடி தெரியும்?" என்று கேட்டேன்.

"சுண்ணாம்பு டப்பா காலியான அன்னிக்கே தெரியும் அத்த," என்றாள்.

எழுதடி, நிறுத்தாதே, அப்படியே எழுது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுதுகிறாள்.

வரதன் தொப்பியை வைத்துவிட்டுப் போன அன்று சாயங்காலம் இவள் தண்ணீருக்குப் போயிருந்தாள். நீ ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை தாமோதரா. விளிம்பை நான் தொடவே இல்லை. உச்சியைத்தான் முதலில் சுரண்டினேன். பார்த்துவிட்டு, டப்பாவில் இருந்த வெற்றிலைச் சுண்ணாம்பை எல்லாம் குழைத்து அதன் மேல் அப்பினேன். சிப்பி மாதிரித் தெரியட்டும் என்று உடைந்த ஓடுகளையும் பதித்தேன். அதனால்தான் உச்சியை வினிகரில் போடவில்லை. இவள் தாலி இவள் கழுத்தில் இருந்தால் என் பிள்ளை கடலில் இருக்கிறான் என்று நினைத்தேன். இவளும் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்றுதான் மறைத்தேன், அதற்கு மேல் நான் நினைக்கவில்லை.

உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். உச்சித் துளை அடைத்திருக்கிறது. உள்ளே ஒரு வட்டம், வெளியே ஒரு வட்டம், நீல ரப்பர். நடுவில் சைக்கிள் போல்ட்டு போட்டு முறுக்கியிருக்கிறது. கல்யாணமான புதிதில் இவள் செருப்பைக் கேட்காமல் அறுத்துவிட்டான் என்று இவள் ஒரு நாள் முழுக்க அவனோடு பேசவில்லை. நான்தான் சமாதானம் செய்து வைத்தேன்.

ஆவணி பிறந்ததும் காரியம் வைத்துக்கொள்ளலாம் என்று லோகநாதனிடம் சொல்லிவிட்டேன். நீ வந்து பஞ்சாயத்தில் எதுவும் சொல்ல வேண்டாம். காரியத்துக்கு வந்தால் போதும். பிலோமினாவுக்கு முடிந்தால் அவளையும் அழைத்து வா.

உன் அக்கா
மனோரமா

மாமா, இனி வருவது நானே எழுதுவது. அத்தை பக்கத்தில் படுத்திருக்கிறார்.

கல்யாணத்துக்கு மறுநாள் நீங்கள் தொப்பியைத் திருப்பிப் பார்த்து, "மோகா, இது நாற்பத்திரண்டாம் வருஷத்துச் சரக்கு" என்று சொன்னபோது டீ கொண்டுவந்தது நான்தான். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. கோயில் முன்னால் நாற்பத்தொன்று என்று படித்தபோது அதை நினைத்துக்கொண்டுதான் படித்தேன். முதல் இரண்டு கடிதத்திலும் உச்சியைக் கேட்ட நீங்கள், காகிதத்தைப் பார்த்து எழுதிய கடிதத்தில் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போதே புரிந்தது. அத்தைக்காகச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். நானும் அத்தைக்காகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அத்தை எனக்காகச் சுண்ணாம்பு அப்பினார் என்பது அமாவாசை அன்றுதான் தெரிந்தது.

எனக்கு அழுகை வரவில்லை மாமா. மாசியிலிருந்தே உள்ளே எல்லாம் மரத்துக் கிடக்கிறது. காரியம் முடிந்தால் வருமோ என்னவோ. நைனாவுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. அவர் கூப்பிட்டால் போவேனா என்று எனக்கே தெரியாது. அத்தையைத் தனியாக விட மனசு வரவில்லை. எலிசபெத்திடம் வேறு வேலை கேட்டிருக்கிறேன், ரயிலில் போய் வரலாம்.

இன்று காலை நானும் அத்தையும் சேர்ந்து முழுத் தொப்பியையும் பக்கெட்டில் ஊறப்போட்டோம், நீங்கள் முதலில் சொன்ன மாதிரியே. சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிட்டது. கழுவிவிட்டு, எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று அதில் தண்ணீர் ஊற்றி முற்றத்தில் வைத்தேன். இப்போது போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்து எழுதுகிறேன். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை மாமா.

இப்படிக்கு
வைஷ்ணவி